முள் சாய்ந்த பக்கம்

வரவு நின்றுபோன வீட்டிலும் சில நாட்களுக்கு அடுப்பு எரியும். முன்னைச் சேமிப்பு இருக்கும் வரையில் உலை கொதிக்கும். விருந்தினரும் வந்து போவர். அயலவர்க்கு ஒன்றும் தெரியாது. சேமிப்புத் தீர்ந்த அன்றுதான் வீட்டின் உண்மை நிலை வெளியாகும். மோட்டார் சைக்கிளின் மின்சாரமும் இத்தகையதே. டைனமோ வரவு, பற்றறி சேமிப்பு, விளக்கும் ஊதுகுழலும் செலவு. டைனமோ வேலை செய்யாது போனவுடனே விளக்கு அணைந்து விடுவதில்லை. இரண்டு நாள் ஒளி தந்து, மூன்றாம் நாள் ஆள் நடமாட்டம் அற்றதோர் இடத்திலே, இருளிலே, நம்மைக் கைவிட்டு விடும். அப்போது பழி விழுவது பற்றறியின் மேலேயே. சேமிப்புக் கரைந்தது ஏன் என்று கேட்பவர் சிலர். கடன்பட்டுப் புதிய சேமிப்பு ஒன்றை வாங்குபவர் பலர்.

இவ்வுண்மையை எமது குடும்பத்தார் அண்மையில் நேரிற் கண்டனர். அதனை இங்கே எழுதுவது எம் வீட்டுக் கதையைப் பிறர்க்குச் சொல்லும் விருப்பினால் அன்று. பௌதிகவியல் படிக்கும் மாணவர்க்கும், பழைய வண்டி ஒன்றைப் பேணி வைத்திருக்கும் குடும்பத்தார்க்கும் இது ஒருகால் பயன்படலாம் என்று கருதியே எழுதுகின்றோம்.

எமது தந்தையார் ஆசிரியராகக் கடமையாற்றிய காலத்தில் வாங்கிய மோட்டார் சைக்கிள் இன்றும் எம்மிடம் உண்டு. அது பீ.எஸ்.ஏ. கம்பனியார் 1954 ஆம் ஆண்டிற் செய்த பீ 31 என்னும் வகை. அக்கம்பனி 1861 இல் இங்கிலாந்தின் பேர்மிங்காம் நகரத்துத் துப்பாக்கித் தொழிலாளர் கூடித் தொடங்கியது. துப்பாக்கியிலிருந்து துவிச்சக்கர வண்டிக்கும், அதிலிருந்து மோட்டார் சைக்கிளுக்கும் அவர்கள் வந்தனர். எமது வண்டிக்கு ஒரே சிலிண்டர், 350 சீ.சீ. அளவினது. அவசரப்படாத இயல்புடையது. உதைத்து இயக்கினால் எண்ணி எண்ணிப் பேசும் பெரியவர் போல ஒவ்வொரு வெடிப்பையும் தனித்தனியே கேட்கச் செய்யும்.

பொருளாதாரத் தடை நிலவிய 1990 களில் இவ்வண்டி பல ஆண்டுகள் சாக்கினால் மூடப்பட்டு மாட்டுக் கொட்டிலின் மூலையில் நின்றது. பெற்றோலும் இல்லை, பற்றறியும் இல்லை. யாழ்ப்பாணத்தார் மண்ணெண்ணெயிற் கார் ஓட்டிய காலம் அது. துவிச்சக்கர வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதிகட்டையைக் கையாற் சுற்றி, அதன் சிறு டைனமோவைக் கொண்டு வானொலிப் பெட்டியை இயக்கிச் செய்தி கேட்டோம். சுற்றுகின்றவன் களைத்தால் செய்தியும் நின்று விடும். சேமிப்பு இல்லாத வரவு எத்தகையது என்பதை அவ்வாண்டுகளில் எம்மூர்ச் சிறுவர் அனைவரும் அறிந்திருந்தனர். சேமிப்பு மட்டும் உள்ள வண்டி எத்தகையது என்பதை அறிய எமக்கு இன்னும் பல ஆண்டுகள் ஆயின.

தந்தையார் மறைந்தபின் வண்டி எம் தங்கையின் வீட்டுக்குச் சென்றது. தங்கை கணவனை இழந்தவள், ஒரே மகன். அவன் உயர்தரத்திற் கணிதப் பிரிவு படிக்கின்றான். வடமராட்சியில் உள்ள வீட்டிலிருந்து மாலை வகுப்புக்காக யாழ்ப்பாணம் சென்று இரவிற் திரும்புவான். அப்பாதையில் வல்லை வெளி உண்டு. அதனை அறியாத வாசகர்க்குச் சொல்வோம்: வீதியின் இரு மருங்கும் மரமும் இல்லை, மனையும் இல்லை, உவர் நிலமும் நீரேரியும் காற்றுமே உள. வழிப்போக்கர் வண்டியை நிறுத்தி முனியப்பரைக் கும்பிட்டுச் செல்லும் இடம். பேய்க்கதைகளுக்குப் பெயர் பெற்ற இடமுமாம். பேயைப் பற்றி எமக்குக் கவலையில்லை. இரவில் அவ்வீதியிற் படுத்திருக்கும் கட்டாக்காலி மாடுகளைப் பற்றியே கவலை.

பழைய பற்றறி ஐந்தாண்டு உழைத்து ஓய்ந்தது. மருமகன் பட்டினத்துத் திருத்தகம் ஒன்றிற் புதிய பற்றறி பூட்டுவித்தான். பூட்டி வண்டியை இயக்கியபோது எங்கோ கருகிய வாடை வீசியதாம்; புதுப் பொருளின் வாடையென்று சொன்னார்களாம். இரண்டாம் நாள் இரவு விளக்கு மங்கிற்று. மீண்டும் அங்கே கொண்டு சென்றான். அங்கிருந்தவர் வண்டியை இயக்கி, விளக்கைப் போட்டு, முன்விளக்கின் தலையில் உள்ள அம்பியர்மானியைப் பார்த்தார். முள் ‘மின்னேற்றம்’ என்ற பக்கம் நன்றாகச் சாய்ந்து நின்றது. “டைனமோ திறமாய் வேலை செய்யுது, பற்றறிதான் பழுது” என்று கூறி வேறொரு பற்றறியைப் பூட்டினார். அதுவும் இரண்டாம் இரவோடு முடிந்தது.

அந்த இரண்டாம் இரவு நிகழ்ந்தது வல்லை வெளியில். விளக்கு மஞ்சளாகி, செம்மையாகி, பின்னர் திரியின் தணல் மட்டுமே தெரிந்தது. இயந்திரமோ ஒரு குறையுமின்றி ஓடிக்கொண்டிருந்தது. பிள்ளை புத்திசாலித்தனமாக இறங்கி, வண்டியை ஓரமாக உருட்டிக்கொண்டே நடந்தான். இருபது அடி சென்றிருப்பான். வீதியின் நடுவே கறுத்த மாடொன்று படுத்திருந்தது. முட்டியபின்னரே அதைக் கண்டான். வேகமாக வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை அவன் தாய்க்குச் சொல்லவில்லை; எமக்குச் சொன்னான். ஆனால் படலையடியில் இரவு பத்து மணி வரை காத்திருந்த தாய்க்குச் சொல்லவும் வேண்டுமோ?

மறுநாட் காலை தங்கை எம்மிடம் வந்தாள். “அண்ணை, கொழும்பிலையிருந்து ஒருவர் இதை விலைக்குக் கேட்டுக்கொண்டு இருக்கிறார். குடுத்து விடுவம். அப்பாவின்ரை சாமான் எண்டு வைச்சிருந்து, பிள்ளையைப் பறிகுடுக்க ஏலாது” என்றாள். அவள் சொல்லில் நியாயம் இருந்தது. பொருளிலும் உயிர் பெரிது. வரும் ஞாயிற்றுக்கிழமை மட்டும் பொறுக்கும்படி கேட்டோம். அதற்குள் நோய் இன்னதென்று தெரியாவிடில் வண்டியைக் கொடுத்துவிட இசைந்தோம்.

நெல்லியடிப் பக்கத்திலே ஒரு முதியவர் இருக்கின்றார். எண்பது வயதைக் கடந்தவர். பிரித்தானிய வண்டிகள் ஓடிய காலம் முழுவதும் அவற்றின் மின்சார வேலையே செய்தவர். இப்போது கண்பார்வை மங்கி, கடையை மூடிவிட்டார். ஞாயிறு காலை அவரை அழைத்து வந்தோம். வண்டியைத் தொட்டுப் பார்த்து, “மாஸ்ரரின்ரை அப்பாவின்ரை வண்டியெல்லே?” என்றார். பின்னர் மருமகனை அருகே அழைத்து, “தம்பி, எனக்குக் கண் இல்லை. நீர்தான் கண். கண்டதைச் சொல்லும்; நினைச்சதைச் சொல்ல வேண்டாம்” என்றார். சோதனைச்சாலைச் சுவர்களில் எழுதி வைக்கத்தக்க வாக்கியம் என்று நாம் நினைத்தோம்.

மருமகன் கணக்கொன்றைத் தானே போட்டு வைத்திருந்தான். முன்விளக்கு மின்குமிழ் 30 வாற்று, பின்விளக்கு 6 வாற்று, ஆக 36. பற்றறி 6 வோல்ற்று. ஆகவே மின்னோட்டம் 6 அம்பியர். பற்றறியின் கொள்ளளவு 12 அம்பியர் மணி. எனவே டைனமோவின் உதவி சிறிதும் இல்லாவிடில் விளக்கு இரண்டு மணி நேரம் எரியும். நடைமுறையில் அதிலும் குறையும். அவனது இரவுப் பயணம் நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம். இரண்டாம் இரவில் விளக்கு மங்குவது கணக்குக்குச் சரி. ஆகவே டைனமோவிலிருந்து ஒன்றும் வரவில்லை என்பது முடிவு. ஆனால் அம்பியர்மானியோ மின்னேற்றம் நிகழ்வதாகக் காட்டியது! கணக்குப் பொய்யா, மானி பொய்யா என்பதே அவனுக்கு விளங்கவில்லை.

முதியவர் கணக்கைப் பொறுமையாகக் கேட்டார். முதல் நாள் வெளியே மின்னேற்றி வைத்திருந்த பற்றறியை வண்டியில் இருந்தபடியே விட்டு, “இயந்திரத்தை இயக்க வேண்டாம். சும்மா விளக்கைப் போடும். முள் எந்தப் பக்கம்?” என்றார்.

மருமகன் பார்த்தான். மீண்டும் பார்த்தான். “மின்னேற்றம் பக்கம், ஐயா. ஆறு அம்பியர்.”

“இயந்திரம் ஓடுதோ?”

“இல்லை.”

“அப்ப ஆர் மின்னேத்திறது?”

சிறிது நேரம் எவரும் பேசவில்லை. நின்றிருக்கும் வண்டியில், விளக்கு எரிந்துகொண்டிருக்கையில், பற்றறிக்கு வரவு வருவதாக மானி கூறுகின்றது. அஃது இயலாத காரியம். இயலாததை ஒரு கருவி காட்டுமாயின், கருவி கெட்டிருத்தல் வேண்டும். அன்றேல் மின்னோட்டம் நாம் நினைத்த திசைக்கு எதிர்த் திசையில் ஓடுதல் வேண்டும். மருமகன் முகம் திடீரெனத் தெளிந்தது. “பற்றறி மாறிப் பூட்டியிருக்கு!” என்றான். முதியவர் சிரித்து, “மீற்றர் பொய் சொல்லாது, தம்பி. நாங்கள்தான் மாறிக் கேக்கிறம்” என்றார்.

இதனைச் சிறிது விளக்குவோம். வண்டியின் இரும்புச் சட்டகமே மின்சுற்றின் ஒரு வழியாகப் பயன்படுகின்றது. பற்றறியின் ஒரு முனையைச் சட்டகத்தோடு இணைப்பர். இக்கால வண்டிகளில் அவ்வாறு இணைக்கப்படுவது எதிர்முனை. 1950 களிற் செய்யப்பட்ட பிரித்தானிய மோட்டார் சைக்கிள்கள் பலவற்றில் இணைக்கப்பட்டது நேர்முனை. எதிர்முனையையே சட்டகத்தோடு பூட்டிப் பழகிய இளந் தொழிலாளர் ஒருவர், தமக்குத் தெரிந்த முறையிற் பூட்டினார். அவரைக் குறைகூற எமக்கு மனமில்லை. வண்டியில் ஒட்டியிருந்த அறிவித்தல் கறளோடு உதிர்ந்து போய் நெடுங்காலமாயிற்று. அவரது ஆசிரியர்கள் இவ்வகை வண்டியைக் கண்டிருக்கவும் மாட்டார்கள்.

இத்தகைய பிழையைக் கண்டுபிடிப்பது அரிது. ஏனெனில் வண்டியில் உள்ள எதுவும் அதனை உடனே வெளிப்படுத்தாது. மின்குமிழுக்குத் திசை இல்லை. எப்பக்கத்தால் மின்னோட்டம் வந்தாலும் எரியும். ஊதுகுழலும் ஊதும். இயந்திரமோ பற்றறியை நம்பியே இருப்பதில்லை. அதன் பொறியைத் தருவது மக்னீற்றோ என்னும் தனிக் கருவி. காந்தம் ஒன்றைத் தன்னுள் வைத்துக்கொண்டு தானே மின்சாரம் ஆக்கிக்கொள்வது. இவ்வகை வண்டிகளில் டைனமோவை அந்த மக்னீற்றோவின் மேலே கட்டி வைத்துப் பைபர் பற்சில்லொன்றினாற் சுழல விடுவர். இரண்டும் ஓருடல் போலத் தோன்றினும் தொழில் வேறு. இதனாலேதான் வல்லை வெளியில் விளக்கு அணைந்த பின்னும் இயந்திரம் ஓடிற்று. யாவும் இயங்குவது போலத் தோன்ற, அம்பியர்மானி மட்டும் இடவலம் மாறிப் பேசிற்று.

ஆனால் பற்றறியை மாற்றிப் பூட்டிவிட்டால் மட்டும் போதுமோ? போதாது என்றார் முதியவர். கருகிய வாடையைப் பற்றி நாம் சொன்னது அவர் மனத்தில் இருந்தது. ஒழுங்காக ஒவ்வொன்றாய்ப் பார்க்க வேண்டும் என்றார். முதலிற் டைனமோ.

டைனமோவின் அடிப்படை 1831 இல் மைக்கேல் பரடே கண்டறிந்தது: காந்தப் புலத்திற் கம்பிச்சுருள் அசைந்தால் அதில் மின்சாரம் தோன்றும். ஆனால் வலிய காந்தத்துக்கு எங்கே போவது? 1867 இல் ஜேர்மனியில் வேர்ணர் சீமென்ஸ் என்பவரும் இங்கிலாந்தில் சார்ள்ஸ் வீற்ஸ்ரன் என்பவரும் ஒரு வழியை உலகுக்கு அறிவித்தனர். டைனமோவின் உள்ளே உள்ள இரும்பு, முன்னர் காந்தமாக இருந்த நினைவைச் சிறிது வைத்திருக்கும். அந்த எஞ்சிய காந்தம் மிகச் சிறு மின்சாரத்தைத் தோற்றுவிக்கும். அம்மின்சாரத்தைப் புலச்சுருளுக்கே திருப்பிக் கொடுத்தால் காந்தம் சற்று வலுக்கும்; வலுத்த காந்தம் கூடிய மின்சாரம் தரும். இவ்வாறு ஒன்றையொன்று வளர்த்துச் சில கணத்தில் முழுவலிமை பெறும். சிறு விதையிலிருந்து மரம் எழுவதைப் போன்றது இது. எந்த முனை நேர், எந்த முனை எதிர் என்பதையும் அந்த எஞ்சிய நினைவே தீர்மானிக்கின்றது.

மாறிப் பூட்டிய பற்றறியோடு மோதிய டைனமோ எந்த நினைவோடு இருக்கின்றது என்பதை நம்பவியலாது. ஆகவே முதியவர் அதற்கு முதலில் நினைவூட்டினார். டைனமோவில் இரண்டு முனைகள் உள. ஒன்று பிரதான முனை, மற்றது புல முனை. இரண்டிலும் உள்ள வயர்களைக் கழற்றச் செய்தார். பற்றறியைத் திருப்பி, நேர்முனையைச் சட்டகத்தோடு இணைப்பித்தார். பின்னர் எதிர்முனையிலிருந்து ஒரு வயரை எடுத்துப் புல முனையில் ஒரு கணம், ஒரே கணம், தொட்டு எடுக்கச் சொன்னார். சிறு பொறியொன்று பறந்தது. “இனி அதுக்குத் தன்ரை பக்கம் தெரியும்” என்றார்.

அடுத்தது அளவை. மருமகன் எண்களாற் காட்டும் புதிய மானியொன்றைக் கொண்டு வந்தான். முதியவர் அதை வேண்டாம் என்றார். மக்னீற்றோவின் பொறி அண்மையில் இருக்கும்போது அவ்வகை மானிகளின் எண்கள் துள்ளும். முள் உள்ள பழைய வோல்ற்றுமானியே நிதானமாகக் காட்டும். தமது பெட்டியிலிருந்து தூசு படிந்த மானியொன்றை எடுத்துத் தந்தார். டைனமோவின் இரு முனைகளையும் ஒன்றோடொன்று இணைத்து, அவ்விணைப்புக்கும் சட்டகத்துக்கும் இடையில் மானியை வைத்து, இயந்திரத்தை இயக்கி, வேகத்தை மெல்ல மெல்லக் கூட்ட வேண்டும். முள் நடுக்கமின்றி ஏற வேண்டும். பத்து வோல்ற்றை எட்ட விடலாகாது. இயந்திரத்தை முடுக்கவும் கூடாது.

இச்சோதனையின் பயன் அதன் விடைகளில் உளது. முள் சிறிதும் அசையாவிடில் காபன் பிறஷ்களைப் பார்க்க வேண்டும். அவை தேய்ந்தோ, தம் கூட்டில் இறுகியோ, எண்ணெய் படிந்தோ இருக்கும். ஏறக்குறைய அரை வோல்ற்றில் நின்றுவிட்டால் புலச்சுருளில் ஐயம் கொள்ளலாம். எஞ்சிய காந்தம் மட்டும் தரும் அளவு அது. ஒன்றரை முதல் இரண்டு வோல்ற்றில் நின்றால் சுழலும் ஆமேச்சரில் ஐயம் கொள்ளலாம். ஒரு மானியின் ஒரு முள், மூன்று நோய்களையும் தனித்தனியே பிரித்துக் காட்டுகின்றது. பொருளைக் கழற்றுமுன் கேள்வி கேட்பது என்பது இதுவே.

தங்கை அடுக்களை வாயிலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மருமகன் உரக்க வாசித்தான்: “ரெண்டு... நாலு... ஆறு... ஏழரை... எட்டு.” முதியவர் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். “டைனமோவுக்கு ஒரு குறையும் இல்லை. எழுபது வருசத்துக்கு மேலான சாமான்!” என்றார். அவர் குரலில் இருந்தது பழைய மாணவன் ஒருவனைச் சந்தித்த ஆசிரியரின் மகிழ்ச்சி.

வயர்களை மீண்டும் பூட்டி, அவற்றின் மறு நுனிகளிலும் அவ்வாறே சோதித்தோம். அங்கும் எட்டு. ஆகவே இடைவழியிலும் பழுதில்லை. எஞ்சியது ஆசனத்தின் கீழ் உள்ள றெகுலேற்றர் பெட்டி. அதனுள் இரு உறுப்புகள் உள. ஒன்று டைனமோவின் அழுத்தம் வரம்பு மீறாது காப்பது. மற்றது கட்-அவுட் எனப்படுவது. எங்கள் கமக்காரர்க்கு இதை எளிதில் விளக்கலாம். கிணற்றில் இறங்கும் குழாயின் நுனியிலே புட்வால்வு உண்டு. நீரை மேலே வர விடும். திரும்பிக் கிணற்றுக்குப் போக விடாது. கட்-அவுட்டும் அத்தகையதே. டைனமோவின் அழுத்தம் ஏறக்குறைய ஆறரை வோல்ற்றை அடைந்ததும் அதன் தொடுகைகள் மூடிப் பற்றறிக்கு வழிவிடும். வேகம் குறைந்து அழுத்தம் தாழ்ந்ததும் திறந்து, பற்றறியின் சேமிப்பு டைனமோ வழியே வீணாகாது தடுக்கும்.

மூடியைக் கழற்றியதும் கருகிய வாடையின் காரணம் தெரிந்தது. கட்-அவுட்டின் தொடுகைகள் கரிபோற் கறுத்துக் குழி விழுந்து கிடந்தன. முதியவர் விரல் நுனியாற் தடவியே சொன்னார். முதன்முறை பற்றறியை மாறிப் பூட்டி இயந்திரத்தை இயக்கியபோது, டைனமோ தன் பழைய முறைப்படி ஆறரை வோல்ற்றைத் தந்து வாயிலைத் திறந்தது. எதிரே நின்ற பற்றறியோ எதிர்மாறான ஆறு வோல்ற்று. ஒன்றையொன்று தடுக்க வேண்டிய இரண்டும் ஒன்றோடொன்று கூடி, பன்னிரண்டு வோல்ற்றுக்கு மேலான அழுத்தம் அச்சிறு தொடுகைகளின் வழியே பாய்ந்தது. அவை எரிந்தன. எரிந்தபின் மின்சாரத்தைக் கடத்தவில்லை. அன்று முதல் டைனமோ தன் கடமையைச் செய்துகொண்டே இருந்தது. அதன் உழைப்பு வாயிலோடு நின்றுவிட்டது. ஒரு வகையில் அத்தொடுகைகள் தம்மைப் பலியிட்டு ஆமேச்சரைக் காத்தன எனலாம்.

மென்மையான சாண்ட் பேப்பராற் தொடுகைகளைத் தேய்த்து, ஸ்பிரிற்று நனைத்த துணியாற் துடைத்தோம். பின்னர் தொடுகைகளின் இடையே காகிதத் துண்டொன்றைச் செருகி, பற்றறிக்கு வழியை அடைத்துவிட்டு, இயந்திரத்தை இயக்கி அழுத்தத்தைப் பார்த்தோம். முள் ஏறி, எட்டு வோல்ற்றுக்கு அருகில் நின்றது; வேகத்தைக் கூட்டியும் மேலே செல்லவில்லை. றெகுலேற்றரும் நலமே. காகிதத்தை எடுத்து மூடியைப் பூட்டினோம்.

இறுதிச் சோதனை முதற் சோதனையே. இயந்திரம் நிற்க விளக்கைப் போட்டான் மருமகன். முள் இம்முறை செலவுப் பக்கம் ஆறு அம்பியர் காட்டிற்று. அதுவே உண்மை. பின்னர் உதைத்து இயக்கினான். வேகம் கூடக் கூட முள் மெல்ல எழுந்து, சுழியத்துக்கு வந்து, அதனைக் கடந்து, வரவுப் பக்கம் இரண்டு அம்பியரில் நின்றது. விளக்கின் செலவையும் கொடுத்து, சேமிப்புக்கும் இரண்டு மிச்சம்! இது கண்டு மருமகன் அடைந்த மகிழ்ச்சி பரீட்சைப் பெறுபேறு கண்ட மகிழ்ச்சிக்குக் குறைந்ததன்று.

தங்கை அருகே வந்து முள்ளைப் பார்த்தாள். அவளுக்கு அம்பியர் பற்றித் தெரியாது. முதியவரை நோக்கி, “இனி வழியிலை நிக்காதோ, ஐயா?” என்று மட்டும் கேட்டாள். முதியவர் உடனே விடை கூறவில்லை. “எந்த வண்டிக்கும் அப்பிடி வாக்குக் குடுக்க ஏலாது, பிள்ளை. ஆனால் இனி நிக்கிறதெண்டால் முதல்நாளே உன்ரை மகனுக்குச் சொல்லிப்போட்டுத்தான் நிக்கும். அதின்ரை பாஷை அவனுக்கு விளங்கிப்போச்சு” என்றார். பொய்யுறுதி தராத அந்த விடையே தங்கையின் மனத்தை மாற்றியது என்று நினைக்கின்றோம். கொழும்பிலிருந்து கேட்டவருக்கு வண்டி விலைக்கு இல்லை என்று அன்று மாலையே அறிவித்தாள். ஒரு நிபந்தனையும் விதித்தாள்: இரவில் வல்லை வெளியைக் கடக்கும் நாளெல்லாம் கையில் ஒரு டோர்ச் விளக்கும் இருக்க வேண்டும். நியாயமான நிபந்தனை. மருமகன் மறுக்கவில்லை.

முதியவர் கூலி வாங்க மறுத்தார். பதிலாக வேறொன்று கேட்டார். தம்மிடம் உள்ள அறிவை எழுதி வைக்கத் தமக்குக் கண் இல்லை. தம்பி ஞாயிறு தோறும் வந்து எழுதித் தருவானோ என்றார். இப்போது மருமகன் ஒரு தடித்த கொப்பியோடு அங்கே சென்று வருகின்றான். எந்த வண்டிக்கு எம்முனை சட்டகம், எத்தனை வோல்ற்றில் வாயில் திறக்கும், எந்த ஓசை எந்நோயைக் குறிக்கும் என்றெல்லாம் அதில் நிரம்பி வருகின்றன. இவ்வகை வண்டிகளைச் செய்த பேர்மிங்காம்த் தொழிற்சாலை 1970 களில் மூடப்பட்டுவிட்டது. அவற்றைத் திருத்தக் கற்றவர்களும் ஒவ்வொருவராய்க் குறைந்து வருகின்றனர். இரும்பிற் காந்தம் முற்றாக மறைந்துவிட்டால், எத்துணை வேகமாகச் சுழற்றினாலும் டைனமோ விழிக்காது. வெளியிலிருந்து ஒருவர் ஒரு கணமேனும் தொட்டுக் கொடுத்தல் வேண்டும். கைத்தொழில் அறிவும் அவ்வாறே போலும்.

பழைய வண்டி வைத்திருக்கும் அன்பர்களுக்கு நாம் சொல்லக்கூடியது இவ்வளவே. உங்கள் வண்டியில் எம்முனை சட்டகத்தோடு இணைக்கப்பட்டுள்ளது என்பதை இன்றே பார்த்து, பற்றறியின் அருகே வெள்ளை மையினால் எழுதி வையுங்கள். நாளை பூட்டுபவர் அதை வாசிக்கட்டும். பற்றறியில் நீர் குறைந்தால் காய்ச்சி வடித்த நீரையே விடுங்கள். வயர்களின் இணைப்புகளையும் சட்டகத்தோடு பூட்டிய சுரையையும் கறளின்றி வையுங்கள். பல நேரங்களில் நோய் அங்கேயே முடிந்துவிடும். விளக்கு மங்கினால் எதையும் வாங்குமுன், எதையும் கழற்றுமுன், இயந்திரத்தை நிறுத்திவிட்டு விளக்கை மட்டும் போடுங்கள். முள் எந்தப் பக்கம் சாய்கின்றது என்று பாருங்கள். செலவுப் பக்கம் சாய்ந்தால் மானியை நம்பி அடுத்த சோதனைக்குச் செல்லலாம். வரவுப் பக்கம் சாய்ந்தால், கடைக்குப் போக வேண்டாம். முதலிற் பற்றறியின் முனைகளைப் பாருங்கள்.